பள்ளம் தெரிந்தால் தட்டை ஒதுக்கவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. அதை ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஏ4 தாள், ஐந்து கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடதுபக்கம் 'ஏன்?' என்று அச்சடித்திருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாலும் இந்தத் தாள் உண்டு. வொய்-வொய் என்பார்கள். தப்பு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வந்த பதிலைப் பார்த்து மறுபடியும் ஏன் என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனில் மூல காரணம் மாட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

நான் அந்தத் தாளை நிரப்பிச் சம்பளம் வாங்குகிறவன். பெயர் வனமாமலை. ஊர் நாங்குநேரிப் பக்கம், இருப்பு குன்றத்தூர். ஒரகடத்தில் என்சைம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவு. சிற்றிதழ்களில் பதினொரு கதைகள் வந்திருக்கின்றன. [பதினொன்றையும் படித்தவர்களைவிட என் படிவங்களைப் படித்த ஆடிட்டர்கள் அதிகம். இதைப் பெருமையில் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை.]

போன அக்டோபரில் நான் நிரப்பிய ஒரு தாளால் கங்கா என்ற பெண்ணுக்கு வேலை போனது. வெறுமனே வேலை போனால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம். அவர் கான்ட்ராக்ட் ஆள். தாளின் நகல் கான்ட்ராக்டருக்குப் போய், கங்காவின் பெயருக்கு நேரே 'குவாலிட்டி தவறு' என்று ஒரு குறிப்பு ஏறியது. இந்த வட்டாரத்தில் அது ஏறிவிட்டால் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். கங்காவுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தத் தாளில் நான் எழுதியது பொய். அதைத் திரும்ப எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கதை. கங்காவின் கண்ணில் தப்பு இருந்ததா, இல்லையா? கேள்வி இவ்வளவுதான். விடை எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வாய் வராததால் உங்களிடம் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். இதில் எழுதிய எந்த வாக்கியத்தையும் அழிக்கமாட்டேன். பிடிக்காததும் முடியாததும் போட்டது போட்டபடி கிடக்கட்டும். ஒருமுறை ஒரு வாக்கியத்தை அழித்துவிட்டுப் பட்டது போதும்.

2

தொடக்கம் அ: "கடலிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு கண்ணாடித் தட்டுக்குள் கடல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது."

கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது. ஒரகடத்திலிருந்து கோவளம் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. எழுநூறு என்பது எங்கள் லேப் விஞ்ஞானி ஷாலினுடைய ஊர்க் கடலுக்கு. தட்டும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. ஆடிட்டர் என்றால் அங்கேயே பேனாவை மூடியிருப்பார்.

தொடக்கம் ஆ: "ஷாலின் அன்று காலை ஊரிலிருந்து திரும்பி இன்குபேட்டரைத் திறந்தபோது"

நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் இது ஒரு விஞ்ஞானியின் துயரக் கதை ஆகிவிடும். கங்கா அதில் நாலாவது பக்கத்தில் வந்து தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற ஆள் ஆகிவிடுவார். படிவத்தில் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆகவே கங்காவிலிருந்து தொடங்குகிறேன்.

3

சேரப்பணஞ்சேரியில் சொந்த வீடு, முப்பத்தாறு வயது, ஒரே மகள் பிளஸ் ஒன். எங்களிடம் வருவதற்கு முன் ஆறு வருஷம், கார் கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் வார்க்கும் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனை மேஜையில் நின்றவர். சூடான பிளாஸ்டிக் ஆறும்போது சில இடங்களில் மேல்பரப்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். நகத்தடம் அளவுக்குக்கூட இருக்காது. அதற்கு சிங்க் மார்க் என்று பெயர். அது தப்பிப் போய்க் கார் கம்பெனிக்குள் நுழைந்தால் அந்த லாட் முழுவதும் திரும்பி வரும். ஆறு வருஷத்தில் கங்காவின் மேஜையைத் தாண்டி ஒன்றுகூடப் போனதில்லை என்று அந்தக் கம்பெனி ஒரு ஷீல்டு கொடுத்திருக்கிறது.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"லைட்டு வளையும் சார். மேல கீற டியூப்லைட்டு அதுல நேராத் தெரியும்ல. பள்ளம் கீற எடத்துல மட்டும் அது வளைஞ்சிகினு போவும். அத்தப் பாத்தாப் போதும். பீஸப் பாக்கவே வேணாம்."

"தப்பா ரிஜெக்ட் பண்ணதே இல்லையா?"

"டவுட்டு வந்தா கேட்டுருவேன் சார். கேக்காம ஒரு பீஸக்கூடக் கடாசினது இல்ல."

[இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை.]

இங்கே ஒரு சந்தேகம். பாவம் செய்தவன் எழுதும்போது பாதிக்கப்பட்டவரைத் தெய்வமாக்கிவிடுவான். அப்படி ஆகாமலிருக்க இதையும் சொல்கிறேன். கங்கா கோள் சொல்வார். யார் எத்தனை மணிக்கு டீக்குப் போனார்கள் என்று சூப்பர்வைசரிடம் ஒப்பிப்பார். ஷாலின் ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டைக் கேட்காமல் பாதி எடுத்துக்கொண்டு போனவர். என்னை 'கத வுடுற சாரு' என்றுதான் கூப்பிடுவார். பின்னால் சொல்கிறார் என்று இல்லை, முகத்துக்கு நேரேயே.

அந்தப் பிளாஸ்டிக் கம்பெனியில் கேமரா வைத்த மெஷின் வந்து சோதனை மேஜையை எடுத்துவிட்டார்கள். அப்படித்தான் எங்கள் லேபுக்கு வந்தார். வேலை, தட்டு வார்ப்பது. உள்ளங்கை அகலத்தில் மூடியோடு இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் வெந்நீரில் கரைத்த அகரை ஊற்றி உறையவைக்க வேண்டும். கிருமிகள் அதன்மேல்தான் வளரும். முதல் நாளே முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், இது ஃபலூடாவுல போடற சைனா கிராஸ்தான?" என்றார். ஆமாம், அதேதான். கடற்பாசியைக் காய்ச்சி எடுப்பது.

4

ஷாலினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். அப்பா கட்டுமரக்காரர். இருபத்தெட்டு வயதில் மைக்ரோபயாலஜியில் டாக்டர் பட்டம். எங்களிடம் இரண்டு வருஷ ஒப்பந்தம். குன்றத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மூன்று பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள்.

அவளுடைய வேலை இதுதான். கடற்பாசியின் உடல் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. மனித வயிறு அதை வெட்டிச் செரிக்காது. ஆனால் கடலில் அழுகும் பாசியைத் தின்றே வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றிடம் அந்தச் சங்கிலியை வெட்டும் கத்தரி இருக்கிறது. அந்தக் கத்தரிக்குப் பெயர்தான் என்சைம். நல்ல கத்தரி உள்ள புதுப் பாக்டீரியா கிடைத்தால் கம்பெனிக்கு வியாபாரம், ஷாலினுக்குப் பெயர். ஊருக்குப் போகும்போதெல்லாம் பாறையிடுக்கில் அழுகிக் கிடக்கும் பாசியை ஐஸ் பெட்டியில் போட்டுப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்களாம்.

நாற்பது மாதிரிகள் உருப்படாமல் போயின. நாற்பத்தொன்றாவது, எஸ்-41.

அது தட்டின்மேல் வளரவில்லை. தட்டுக்குள் இறங்கியது. அகரும் கடற்பாசிச் சர்க்கரைதானே. எஸ்-41 தான் நிற்கும் தரையையே வெட்டித் தின்றுகொண்டு கீழே போனது. மூன்றாம் நாள் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வழவழவென்று ஒரு சின்னக் குழி. எல்லாத் தட்டிலும் அதே குழி.

* தான் நிற்கும் தரையைத் தானே தின்கிற உயிர் என்றதும் என் கை பரபரக்கிறது. எதற்கோ உவமையாக்கி ஒரு பத்தி எழுதிவிடலாம். எழுதமாட்டேன். அது பாக்டீரியா. அதற்குப் பசி, அவ்வளவுதான்.

அகரை வெட்டும் பாக்டீரியா உலகத்தில் ஏற்கெனவே பல உண்டு. இது பழுப்புப் பாசியின் சங்கிலியையும் பச்சைப் பாசியின் சங்கிலியையும் சேர்த்து வெட்டியது. அதன் மரபணுத் துண்டைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டால் தொண்ணூற்று மூன்று சதவீதம்தான் பொருந்தியது. தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போனாலே புது இனம் என்று சந்தேகிக்கலாம்.

அன்றைக்கு ஷாலின் என் மேஜைக்கு வந்து கம்ப்யூட்டர் அச்சை நீட்டினாள். "இதுக்கு முன்ன இத யாரும் பாத்ததில்ல அண்ணா. எனக்க கண்ணுதான் முதல்ல பாக்குது." அந்தத் தொண்ணூற்று மூன்றின்மேல் விரலை வைத்து என்னையும் படிக்கச் சொன்னாள். நான் மறுபடியும் அந்த விரலை நினைத்துக்கொள்கிறேன்.

புது இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு விதி இருக்கிறது. உயிரோடு இருக்கும் மாதிரியை இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் கொடுத்துவைக்க வேண்டும். உயிர் இல்லாவிட்டால் பெயர் இல்லை. அதுவரை மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எங்கள் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஜூலையில் போய்விட்டது. ஷாலின் மூன்று முறை எழுதிக் கேட்டாள். கையெழுத்தாகவில்லை. ஆகவே ஒவ்வொரு வாரமும் பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி, கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரின் மூன்றாவது அடுக்கில் பதினெட்டுத் தட்டுகளாக, அதை உயிரோடு வைத்திருந்தாள். பதினெட்டுத் தட்டு. உலகத்தில் இருந்த எஸ்-41 மொத்தமும் அதுதான்.

5

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

இந்தப் பக்கம் கம்பெனிகளில் அன்றைக்கு உற்பத்தியைவிடத் துடைப்பதுதான் அதிகம் நடக்கும். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். லேபில் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு. பழையது, உடைந்தது, கெட்டுப்போனது எதுவும் பூஜைக்கு இருக்கக்கூடாது. அதற்கு மறுவாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வேறு. ஷாலின் தொடர் விடுமுறையோடு ஒரு நாள் சேர்த்துப் பாசி எடுக்க ஊருக்குப் போயிருந்தாள். இன்குபேட்டரில் கெட்ட தட்டுகளைக் கழித்துச் சுத்தம் பண்ணும் வேலை கங்காவுக்கு.

அவர் மூன்றாவது அடுக்கைத் திறந்தார். பதினெட்டுத் தட்டிலும் டியூப்லைட் வளைந்து போனது.

கங்கா ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு

[இந்த வாக்கியத்தைப் பிறகு முடிக்கிறேன். அழிக்கவில்லை.]

பிற்பகல் இரண்டரைக்கு அந்தப் பதினெட்டுத் தட்டும் ஆட்டோகிளேவுக்குள் போயின. ஆளுயரக் குக்கர் மாதிரி இருக்கும். நூற்று இருபத்தொரு டிகிரி நீராவி, இருபது நிமிஷம். அதற்குள் உயிரோடு இருக்கக்கூடியது ஒன்றும் கிடையாது. மூன்றேகாலுக்குக் காலி இன்குபேட்டருக்குப் பொட்டு வைத்தார்கள். நான்கு மணிக்குப் பொரி, கடலை, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். எனக்குக் கங்காதான் கொண்டுவந்து கொடுத்தார். "கத வுடுற சாருக்கு நாட்டுச் சக்கர எக்ஸ்ட்ரா" என்றார். சாப்பிட்டேன்.

6

ஷாலின் திரும்பிவந்த காலையை எழுதப்போவதில்லை. மூன்று முறை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவளை அழவைத்து நான் நல்லவனாகிவிடுகிறேன். நடந்தது இதுதான். அவள் அழவில்லை. ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் விசாரணை. பிளான்ட் மேனேஜர் மோகன், நான், ஷாலின், கங்கா. மோகன் கெட்டவர் இல்லை. சென்னை ஆள், வேகமாகப் பேசுவார், மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர். விசாரணைக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத பாரு வனமாமல. வொய்-வொய் மெஷின்ல போய் முடிஞ்சா செலவு. சிஸ்டத்துல போய் முடிஞ்சா ஆடிட்ல மாட்டிப்போம். ஆள்ல முடிஞ்சா ட்ரெய்னிங். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"ஃப்ரீசர்ன்ற வார்த்த வரக்கூடாது."

கங்கா நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஷீட்டுல போட்டிருந்துச்சு சார். பள்ளம் தெரிஞ்சா ஒதுக்கணும்னு."

ஷீட் என்றது லேபின் செய்முறைத் தாளை. எந்த வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டியிருப்போம். மோகன் அதை எடுத்து வரச்சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

"எங்க போட்டிருக்கு? காட்டு."

கங்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரிசல். பூஞ்சை. நீர்க்கசிவு. முடிந்துவிட்டது. மறுபடியும் மேலேயிருந்து படித்தார். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஒரு காரியத்தை என்னால் மறக்க முடியவில்லை. எழுத்திலும் பள்ளம் தேடுகிற மாதிரி சாய்த்துப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. தெரிந்த மனுஷனிடம் வழி கேட்கிற பார்வை.

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் தப்பாப் பட்ச்சிகினேன் போல சார்" என்றார் கங்கா. "அந்தக் கம்பெனி நெனப்புல பண்ட்டேன் போல."

ஐந்தாவது கட்டத்தில் நான் எழுதினேன்: 'பணியாளர் செய்முறைத் தாளைப் பின்பற்றவில்லை. முந்தைய நிறுவனத்தின் பழக்கத்தில் செயல்பட்டார்.' கச்சிதமான வாக்கியம். ஆடிட்டர் பாராட்டினார்.

7

இப்போது பாதியில் விட்டதையெல்லாம் முடிக்கவேண்டும்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் 'பள்ளம் தெரிந்தால் தட்டை ஒதுக்கவும்' என்ற வரி இருந்தது. கங்கா சரியாகத்தான் படித்தார். அந்த வரியை எழுதியவன் நான். தாளைத் தயாரிக்கும்போது கங்காவிடம்தான், தட்டில் என்னென்ன குறை வரும் என்று கேட்டேன். அவர் விரிசல், பூஞ்சை, கசிவு என்று சொல்லிவிட்டு, "சிங்க் மார்க்கும் போட்டுக்கோங்க சார், ஊத்தும்போது சூடு சரியில்லன்னா பள்ளம் வுழும்" என்றார். புதிதாக வார்த்த தட்டுக்கு அது சரி. நான் 'புதிதாக வார்த்த' என்று எழுதச் சோம்பல்பட்டு, 'அனைத்துத் தட்டுகளுக்கும்' என்று தலைப்பு போட்டேன். தொழிலாளியின் அறிவை ஆவணத்தில் ஏற்றிவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

ஷாலின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளே, அந்த மதியம் நான் என் மேஜைக்குப் போய்க் கோப்பைத் திறந்து, அந்த ஒரு வரியை அழித்தேன். திருத்தம் 02 என்பதை 03 ஆக்கி, தேதியைப் பின்னால் இழுத்துச் செப்டம்பர் என்று போட்டேன். சுவரில் இருந்த பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். பழைய நகலைத் துண்டுதுண்டாக வெட்டும் மெஷினில் விட்டேன். பழைய நகலை அழிப்பது விதிப்படி என் வேலை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோகன் சொல்லித்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் சொல்லவில்லை. அப்படி ஒரு வரி இருந்தது என்றே அவருக்குத் தெரியாது.

இன்னொன்று பாக்கி. ஐந்தாம் பகுதியில் பாதியில் விட்டது. கங்கா ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஷாலின் ஊரில் இல்லை, சூப்பர்வைசர் வாழைக்கன்று வாங்கப் போயிருந்தார். தாள் எழுதியவன் நான்தானே.

"சார், ஷாலின் மேடம் பிளேட்டு எல்லாத்துலயும் சிங்க் மார்க் கீது. தூக்கிடட்டுமா? இன்னா பண்றது?"

ஆடிட் கோப்புகள் முன்னால் குவிந்திருந்தன. நான் தலையைத் தூக்கவில்லை.

"ஷீட்ல என்ன போட்டிருக்கோ அதச் செய்யுங்கம்மா."

சந்தேகம் வந்தால் கேட்காமல் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை என்று சொன்னாரே. கேட்டார். விசாரணையில் அதையும் அவர் சொல்லவில்லை. சாரை எதற்கு மாட்டிவிடுவது என்று நினைத்திருப்பார். அல்லது தாளையே தப்பாகப் படித்துவிட்ட பிறகு, கேட்டதும் கனவோ என்று சந்தேகம் வந்திருக்கும். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று பயமாக இருக்கிறது.

8

முடிவுகள். வழக்கப்படி மூன்று.

முதல் முடிவு: ஷாலின் ஊருக்குத் திரும்பி, அதே பாறையில், அதே பாசியில், எஸ்-41ஐ மறுபடியும் கண்டுபிடிக்கிறாள். நிஜத்தில் அவள் நான்கு முறை போனாள். இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரி எடுத்தாள். அந்தப் பாறையைத் தேடிப் போனபோது அதன்மேல் கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்காக லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டியிருந்தார்கள். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்தது, கம்பெனி நீட்டிக்கவில்லை. அறையைக் காலி செய்கிற அன்று பெட்டி கட்ட உதவப் போயிருந்தேன்.

"எழுத்தா இருக்குண்ணா, ஒரு ஃபைல்ல" என்றாள். "உயிர் இல்லியே. நான் பாத்தேன்னு இனி யாருட்ட போய்ச் சொல்ல? பாத்த சாட்சிக்கு அந்தக்கா ஒருத்திதான் இருக்கா. நான் அன்னைக்கு அவுங்ககிட்ட ஒரு வார்த்த பேசல்ல, கேட்டியளா. அது எனக்குக் கெடந்து உறுத்துது."

அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது முடிவு: நான் மோகன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். கங்காவின் பெயரிலிருந்து குறிப்பு நீங்குகிறது. எனக்கு வேலை போகிறது. மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், நாலு வரியில் நான் தியாகியாகிவிட்டேன். அங்கேயே நிறுத்திவிட்டேன். அதைவிட, போகவில்லை என்பதுதான் உண்மை. மோகன் அறை என் மேஜையிலிருந்து பதினாறு அடி.

மூன்றாவது முடிவு: "காலம் எல்லாவற்றையும்

சீ.

9

கங்கா இப்போது இருங்காட்டுக்கோட்டையில் பையன்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் துலக்குகிறார். நடுவில் யாரோ இரக்கப்பட்டுச் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சோதனை மேஜையில் நிறுத்தினார்களாம். நாலு நாளில் தானே நின்றுவிட்டார். எந்த டப்பாவைப் பார்த்தாலும் பள்ளம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, கை முடிவெடுக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னாராம். பழைய சூப்பர்வைசர் டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அதை எழுதாமல் விடக்கூடாது.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் என் போனுக்குக் கங்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் லேப் சுவர். பிளாஸ்டிக் உறைக்குள் செய்முறைத் தாள், திருத்தம் 02. கொஞ்சம் ஆடிப்போன படம், ஆனாலும் வரி தெரிகிறது: பள்ளம் தெரிந்தால் தட்டை ஒதுக்கவும். தாளை ஒட்டிய புதிதில், வீட்டில் மனப்பாடம் பண்ணுவதற்காக எடுத்துவைத்திருந்தாராம். மகள், போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழிக்கும்போது அகப்பட்டது. கூடவே ஒரு குரல் பதிவு. அப்படியே எழுதுகிறேன்.

"சார், நல்லா கீறீங்களா. இத்தப் பாருங்க. இதுல போட்டு கீதுல்ல சார்? பாப்பாகிட்டயும் படிக்கச் சொன்னேன், கீதுன்னுச்சு. நீங்க ஒரு தபா பாத்து சொல்லுங்க. வேலைக்குல்லாம் கேக்கல சார். அது போனது போச்சு. என் கண்ணு நல்லாத்தான் கீதான்னு தெரிஞ்சிக்கணும். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரில. நீங்கதான எழுதுனது."

ஒரு வார்த்தை போதும். 'ஆமா' என்று அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அனுப்பினால் அது சாட்சி.

உங்களுக்கு இவ்வளவையும் சொன்னவனுக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று கேட்பீர்கள். நியாயம்தான். கவனித்துப் பாருங்கள். இதில் கம்பெனி பெயர் இல்லை. கங்கா என்பது அவர் பெயர் இல்லை, மோகனும் ஷாலினும் வேறு பெயர்கள். வனமாமலை என்று ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். 'கதை' என்று வேறு போட்டுவிட்டேன். இதை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கான்ட்ராக்டரிடமும் காட்டி அந்தக் குறிப்பை நீக்க முடியாது. ஒன்றையும் அழிக்கமாட்டேன் என்று பெரிதாகச் சபதம் போட்டேனே, அழிக்கவேண்டியதை எழுதுவதற்கு முன்னாலேயே அழித்துவிட்டேன். எனக்கு ஆவணம் தயாரிக்கத் தெரியும். கங்கா சிற்றிதழ் படிக்கமாட்டார் என்பதும் தெரியும்.

முடிவு எழுத என்னால் ஆகவில்லை. தாளை நிரப்பித் தருகிறேன்.

ஏன்? எஸ்-41 ஏன் அழிந்தது? தட்டுகள் நீராவியில் போயின.

ஏன்? செய்முறைத் தாளில் ஒதுக்கச் சொல்லியிருந்தது.

ஏன்? எல்லாத் தட்டுக்கும் என்று நான் எழுதியிருந்தேன்.

ஏன்? அவர் வந்து கேட்டார். நான் தலையைத் தூக்கவில்லை.

ஏன்? மறுபடியும் கேட்டிருக்கிறார். இப்போதும் ஏன்?

தயாரித்தவர்: வனமாமலை

சரிபார்த்தவர்:

ஐந்தாவது பதிலும் சரிபார்த்தவர் கையெழுத்தும் காலியாக இருக்கின்றன. எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. நான் எழுதினால் மறுபடியும் கச்சிதமாக எழுதிவிடுவேன். நீங்கள் நிரப்புங்கள். நிரப்பினாலும் அவருக்குப் போய்ச் சேராது என்பதைத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

இன்று காலை அந்தக் குரல் பதிவை மறுபடியும் திறந்தேன். அவர் போனில் அதன் கீழே இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும். நான் கேட்டுவிட்டேன் என்று பத்தொன்பது நாளாக அவருக்குத் தெரியும்.